பை காக்கும் அம்மாக்கள்

உல்லாசப் பயணம் போனாலும் பெண்களுக்கு மட்டும் வேலை ஓய்வதில்லை என்று இப்பகுதியில் சகோதரிகள் அடிக்கடி எழுதுகிறீர்கள். குற்றாலத்தில் எல்லாரும் அருவியில் ஆசை தீரக் குளிக்க, துணிமணி, கைக்கடிகாரம், செல்போன் என்று சகலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பது யார்? வீட்டு அம்மாதான்! நம் ஊரில்தான் இப்படி என்றில்லை. கனடாவிலும் இதே கதைதான் என்பதை இந்தக் குளிர்காலத்தில் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

என் மகள் குடும்பம் டொரன்டோவில் இருக்கிறது. பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஆறு. ஒரு சனிக்கிழமை எல்லாரும் பனிச்சறுக்கு விளையாடக் கிளம்பினோம். ஏதோ சினிமாவில் வரும் சுவிட்சர்லாந்து மலை என்று எண்ணிவிடாதீர்கள். ஊருக்குள்ளேயே ஏர்ல் பேல்ஸ் பூங்கா என்று ஓர் இடம், அதில் ஒரு சரிவு. திருச்சி மலைக்கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு அது வெறும் மேடுதான். மாநகராட்சியே நடத்துகிறது. எட்டோபிகோ பகுதியில் சென்டெனியல் பூங்காவிலும் இதேபோல் ஒன்று உண்டு. பழைய குப்பை மேட்டை மூடி உண்டாக்கியதாம்!

வானம் பனி கொட்டாவிட்டாலும் விடுவதில்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி இறங்கியதும், பெரிய மெஷின்களில் தண்ணீரையும் அழுத்தமான காற்றையும் சேர்த்துப் பீய்ச்சுகிறார்கள். தரையைத் தொடுவதற்குள் அது பனித்தூளாகிவிடுகிறது. எங்கள் தெருவில் கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்பது நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. அது வேறு விஷயம்.

மகள் அன்று காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். எலுமிச்சை சாதம், சப்பாத்தி, ஃபிளாஸ்கில் சூடாகப் பால், மாற்றுக் கையுறை, மாற்றுக் காலுறை என்று மூன்று பை நிறைந்தது. அங்கே போனதும் பூட்ஸ் போடும் வேலை. பிளாஸ்டிக் பூட்ஸ்தான், ஆனால் கணுக்கால் அசையாதபடி அவ்வளவு விறைப்பு. இரண்டு குழந்தைகளுக்கும் மாட்டிவிடுவதற்குள் தீபாவளிக்கு முறுக்கு பிழிந்த கை மாதிரி அவளுக்கு வலித்திருக்கும்.

டிக்கெட் வாங்கும் இடத்தில் மாப்பிள்ளை, "எனக்கும் பசங்களுக்குமா மூணு போதும். நீ அத்தைகூட உள்ளே சூடா உட்கார்ந்து பையைப் பார்த்துக்கோ" என்றார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மகளும் ஒரு வார்த்தை பேசாமல் பைகளைத் தூக்கிக்கொண்டாள். அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுதலில் கோப்பை வாங்கியவள் அவள். நாலு வருஷமாக இங்கே வருகிறார்களாம். ஒரு தடவைகூட அவள் காலில் சறுக்குப் பலகை ஏறவில்லை. ஏண்டி என்றால், "யாராவது ஒருத்தர் பையைப் பாக்கணுமேம்மா" என்கிறாள்.

யாராவது ஒருத்தர், சரி. அந்த யாராவது எப்போதும் ஒரே ஆளாக இருப்பது எப்படி?

அந்தக் கூடத்தை நன்றாகச் சுற்றிப் பார்த்தேன். நீள நீள பெஞ்சுகள். சீனப் பெண், பஞ்சாபிப் பெண், வெள்ளைக்காரப் பெண், நம் யாழ்ப்பாணத்துப் பெண் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிறம் வேறு, பாஷை வேறு. மடியில் கிடந்த கோட்டுக் குவியல் மட்டும் ஒன்று! அப்பாக்களும் இல்லாமலில்லை, ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எழுந்து போய், "மாப்பிள்ளை, பையை நான் பாத்துக்கறேன். அவளுக்கும் ஒரு டிக்கெட் வாங்குங்க" என்றேன். "அவளுக்கு இது தெரியாதே அத்தை" என்று இழுத்தார். "உங்க பொண்ணு மட்டும் வயித்துலயே கத்துக்கிட்டு வந்தாளா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஆரம்பப் பாடத்துக்கும் சேர்த்தே பணம் கட்டினார்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மெதுவான சரிவு தனியாக இருக்கிறது. ஏர்போர்ட்டில் பெட்டி வருமே, அதுமாதிரி நகரும் பட்டை மேல் நின்றால் மேலே கொண்டுபோய் விடுகிறது. பலகைகளின் முன்முனையைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் பீட்சா துண்டு மாதிரி ஆகும். அப்போது வேகம் குறையும். நேராக வைத்தால் ஓடும். பாடம் இவ்வளவுதான். மகள் ஏழெட்டு தடவை விழுந்தாள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எனக்குத்தான் பக் பக் என்றது. அவளோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஆறு வயசு வாண்டு பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா, பீட்சா போடு, பீட்சா!" என்று அதட்டல் வேறு. மத்தியானத்துக்குள் யார் கையும் பிடிக்காமல் கீழே வந்து சேர்ந்தாள். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த முகம் அது.

பேரன் பெரிய சரிவுக்கு நாற்காலி லிஃப்டில் போய்வந்தான். அந்த லிஃப்டைப் பற்றி மாப்பிள்ளை ஒரு வேடிக்கை சொன்னார். 1936-ல் அமெரிக்காவில் சன் வேலி என்ற ஊரில் முதன்முதலாக அதை வைத்தார்களாம். கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிகளைப் பார்த்துத்தான் ஒரு இன்ஜினியருக்கு அந்த யோசனை வந்ததாம்!

இது பெண்களுக்கு ஆகிற விளையாட்டா என்று கேட்பவர்கள் உண்டு. 1968 ஒலிம்பிக்கில் கனடாவுக்கு இதில் தங்கம் வாங்கித் தந்தவர் நான்சி கிரீன் என்ற பெண். 2018-ல் துருக்கியில் நடந்த போட்டியில் நம் நாட்டுக்குப் பனிச்சறுக்கில் முதல் சர்வதேசப் பதக்கம் கொண்டுவந்ததும், மணாலிப் பக்கத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர்தான். ஆனால் பனித் தாவல் போட்டியில் ஆண்கள் 1924 முதல் ஒலிம்பிக்கில் தாவ, பெண்களை விட்டது 2014-ல். உடம்புக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே தொண்ணூறு வருஷம் உட்கார வைத்துவிட்டார்கள்!

செலவு ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். டிக்கெட், பலகை வாடகை, பாடம் என்று நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஆனால் குறைக்க வேண்டுமென்றதும் முதலில் வெட்டு விழுவது அம்மாவின் டிக்கெட்டுக்கா? இந்த வாரம் அவர், அடுத்த வாரம் இவள் என்று வைத்துக்கொண்டால் காசு ஒன்றும் கூடாது. அதற்குத்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மாதிரிச் சின்ன மேடு வசதி. அரை நாளில் போய்த் திரும்பலாம். பல மணி நேரம் கார் ஓட்டி, ஹோட்டலில் ரூம் போட்டுப் பெரிய மலைக்குப் போனால், பையும் கூடும், செலவும் கூடும், அம்மாவின் முறை வரவே வராது.

நான் பிப்ரவரியில் ஊர் திரும்பிவிட்டேன். இனிமேல் பை காக்க அங்கே பாட்டி இல்லை. மணிக்கு ஒருத்தராக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் சொன்னாள்: அவள் சறுக்கப் போன ஒரு மணி நேரத்தில், பைக்குக் காவல் இருந்த மாப்பிள்ளை எலுமிச்சை சாதத்தில் முக்கால்வாசியைக் காலி செய்துவிட்டாராம்!

- ஒரு வாசகி, திருச்சி.