பின் ஸீட்டின் கட்சி

காரைத் தாழ்த்துவது என்று ஒரு காரியம் இப்போது நம் ஊர்களில் நடந்துகொண்டிருக்கிறது. அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரன் யோசித்து, ஓட்டிப் பார்த்து, வைத்து அனுப்பிய நான்கு சுருள் ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டு, அவற்றைவிடக் குட்டையான, விறைப்பான நான்கு ஸ்பிரிங்குகளை மாட்டுவது. மாட்டியவுடன் கார் 30, 40 மில்லிமீட்டர் தரையை நோக்கி இறங்கிவிடும். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்ததல்லவா, அது மறைந்துவிடும். அந்த இடைவெளிதான் இவர்கள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. பந்தயக் கார் மாதிரி இல்லையாம்.

பந்தயக் கார் மாதிரி ஓட்ட இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மைதானம் இருக்கிறது. கண்ணாடி போல ரோடு. குறுக்கே மாடு வராது. அங்கே எவ்வளவு தாழ்த்தினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இது திருவண்ணாமலையில் நடக்கிறது. செங்கம் ரோட்டில் போகிற கார்களைப் பாருங்கள். வயிறு தரையில் இழைய, பத்தில் ஒன்றாவது இல்லாவிட்டாலும், கண்ணில் படும்படியாகப் போகத்தான் போகின்றன. இந்த ஊருக்குக் காரில் வருகிறவர்கள் யார்? மூட்டு வலிக்காரர்கள். 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்க முடியாதவர்கள் ஆட்டோவிலும் காரிலும் சுற்றுகிறார்கள். மகன் ஓட்ட, தாயும் தகப்பனும் பின்னால் உட்கார்ந்து எட்டு லிங்கங்களையும் தரிசித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நம் ஜனங்களுக்கு ஸ்பிரிங்கைப் பற்றிப் புதிதாக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வில் வண்டி என்று நம் தாத்தாக்கள் எதைச் சொன்னார்கள்? அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள் வைத்த வண்டியை. அந்தப் பட்டைக்குத் தமிழில் வில் என்றே பெயர். நெல் மூட்டைக்கும் எருவுக்கும் கட்டை வண்டி. அதற்கு வில் இல்லை. மூட்டைக்கு முதுகு வலிக்காது. பிரசவத்துக்குப் பிறந்தகம் வருகிற பெண்ணுக்கு வில் வண்டி. அதிலும் வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் விரிப்பார்கள். வண்டி ஓட்டுகிறவன் முன்னால் ஏர்க்காலை ஒட்டி உட்கார்ந்து குலுங்கிக்கொண்டுதான் வருவான். வில் அவனுக்காக வைத்ததல்ல. இந்தச் சின்ன விஷயத்தை மாட்டு வண்டிக் காலத்தில் எல்லோரும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

இன்றும் அதே கதைதான். சின்னக் காரில் பின் ஸீட்டு ஏறக்குறையப் பின் அச்சின் மேலேயே இருக்கிறது. பின் சக்கரம் வாங்குகிற அடி நேராக அங்கே போய்ச் சேருகிறது. ஓட்டுகிறவனோ இரண்டு அச்சுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறான். கையில் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழி அவன் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிகிறது. உடம்பைத் தயார் செய்துகொள்கிறான். பின்னால் தலையைச் சாய்த்துக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு முன்னறிவிப்பு ஏது?

கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், நானே கல்லூரியைத் தாண்டாதவன். ராபர்ட் ஹூக் என்கிற இங்கிலீஷ்காரர் 1678-ல் ஸ்பிரிங்கின் குணத்தை எழுதிவைத்தார்: பாரம் இரட்டித்தால் அமுங்குவதும் இரட்டிக்கும். ஆனால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிற அடி அப்படியல்ல. அது அமுங்குகிற தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உங்கள் காரின் சக்கரம் மேலே எழும்ப 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 தாழ்த்திவிட்டீர்கள். மிச்சம் 40. இடம் பாதியாயிற்று. பழைய ஸ்பிரிங்கே இருந்தால், அந்தப் பாதி இடத்துக்குள் அதனால் வாங்க முடிகிற அடி கால் பங்குதான். முழு அடியையும் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் 4 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றை வைத்தால் ஒருவரும் உட்கார முடியாது; ஆகவே விற்கிறவர்கள் கொஞ்சம் விறைப்பாக மட்டும் செய்கிறார்கள். மீதி அடி எங்கே போகிறது? சக்கரம் மேலே போய் ஒரு ரப்பர்க் கட்டையில் 'டொக்'கென்று முட்டுகிறது. அந்த 'டொக்'குக்குப் பிறகு ஸ்பிரிங் என்று ஒன்று காரில் இல்லை. மனிதர்களின் முதுகெலும்புதான் ஸ்பிரிங்.

அலங்காரத்துக்காக இப்படிச் சொல்லவில்லை. எலும்பு மெலிந்துபோன வயதானவர்களுக்கு ஒரே ஒரு பலத்த குலுக்கலில் முதுகெலும்பின் கட்டை நசுங்கிப் போவதுண்டு. பஸ்ஸின் கடைசி ஸீட்டில் உட்கார்ந்து, வேகத்தடையில் தூக்கிப் போடப்பட்டு, படுத்த படுக்கையாக வந்து சேர்ந்தவர்களை எலும்பு டாக்டர்கள் நன்றாக அறிவார்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த, நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்கின் லட்சணம். காசு போதாதவர்கள் வேறொன்று செய்கிறார்கள். கம்பெனி ஸ்பிரிங்கையே கிரைண்டரில் வெட்டிவிடுகிறார்கள். சில இடங்களில் காஸ் வைத்து அறுப்பதும் உண்டு. 6 சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் மிச்சமுள்ள நாலரைச் சுற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைத்துக்கொள்ளும். வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. தீ பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினால் ஸ்பிரிங் தொளதொளவென்று ஆடும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதும் அப்படியே. கொல்லன் பட்டறையில் அரிவாளுக்குப் பதம் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த எஃகைத் தீயில் காட்டிவிட்டு, அதன் மேல் குடும்பத்தை உட்காரவைக்கிறோம்.

ஒழுங்காக மாட்டுவதும் லேசான வேலை இல்லை. அமுக்கிய ஸ்பிரிங் பிடிகருவியிலிருந்து நழுவினால் மெக்கானிக்கின் தாடையைப் பெயர்த்துவிடும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றிக் கார் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும்; அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட். பிறகு ஹெட்லைட்டின் நோக்கு. காரின் சாய்வு மாறினால் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், அல்லது மூக்குக்குக் கீழே விழும். எத்தனை பட்டறைகளில் இவ்வளவும் செய்கிறார்கள் என்று கார்க்காரர்களே சொல்லட்டும்.

"என் கார், என் இஷ்டம்" என்பார்கள். மெத்தச் சரி. தனியாகப் போகட்டும். ஆனால் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். செங்கம் ரோட்டில் ஒரு வேகத்தடை. ஓர் இளைஞன் காரைக் குறுக்காக, நண்டு மாதிரி, ஒரு சக்கரத்தை மட்டும் மேலே ஏற்றப் பார்த்தான். அடி தட்டிற்று. பின்னுக்கு எடுத்தான். பின்பக்கம் திரும்பி, "ஆயா, கொஞ்சம் எறங்கிக்கோ, தாண்டினதும் ஏறிக்கலாம்" என்றான். அந்தக் கிழவி கதவைத் திறந்து, காலை ஊன்ற இடம் தேடி, தாழ்ந்த கூரையில் தலை இடிக்காமல் குனிந்து, ஒருவழியாக இறங்கினாள். வெறுங்கால். வெயில். பாரம் குறைந்த கார் கௌரவமாகத் தாண்டிற்று. கிழவி பத்தடி நடந்து போய் மறுபடி ஏறிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் இல்லை. "பேரன் புதுசா என்னமோ மாட்டியிருக்கான்" என்று பக்கத்தில் நின்ற என்னிடம் பெருமையாகவே சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ரோட்டைச் சரி செய்யச் சொல்லி எழுதுங்களேன்" என்கிறார்கள். எழுதலாம். வேகத்தடைக்கு இந்திய ரோடு காங்கிரஸ் 1988-லேயே அளவு சொல்லியிருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம் ஊரில் கிடப்பவை பலவும் அந்த அளவைக் கனவிலும் காணாதவை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோடு மோசம் என்று தெரிந்தவன் குடையைக் கிழிப்பானா? மழை பெய்கிற ஊரில் அல்லவா குடை வேண்டும்! பிரான்ஸ் தேசத்தில் சிட்ரோயன் கம்பெனி 1948-ல் 2 சிவி என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. குடியானவர்களுக்கான கார். உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது என்பதுதான் அதைச் செய்தவர்களுக்கு இடப்பட்ட கட்டளை என்று சொல்வார்கள். ரோடு கெட்டிருந்ததால் ஸ்பிரிங்கை மிருதுவாக்கினார்கள். நாம் ரோடும் கெட்டு, ஸ்பிரிங்கையும் கெடுத்துக்கொள்கிறோம்.

வெளிநாட்டிலும் தாழ்த்துகிறார்களே என்பது அடுத்த வாதம். ஆம். ஜெர்மனியில் இதற்கென்றே பேர்பெற்ற கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே எந்த ஸ்பிரிங் எந்தக் காருக்கு என்று சான்றிதழோடு விற்கிறார்கள். மாட்டிய பிறகு பெரும்பாலும் பரிசோதகரிடம் காட்டி, வண்டியின் தாள்களில் எழுதிவாங்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்ஸிகோக்காரர்கள் இன்னும் சுவாரசியமானவர்கள். மதிக்காத ஊரில் தங்களைத் திரும்பிப் பார்க்க வைக்க, மணல் மூட்டையை டிக்கியில் போட்டுக் காரைத் தாழ்த்தி, வேகமாக அல்ல, மெல்ல ஊர்வலம் போனார்கள். சக்கரத்தின் விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1958-ல் சட்டம் போட்டதும், விமானத்து ஹைட்ராலிக் பம்புகளை மாட்டி, போலீஸைக் கண்டால் தூக்கிக்கொள்ளவும் பிறகு இறக்கிக்கொள்ளவும் வழி கண்டார்கள். அந்தத் தடை 2024 ஜனவரியில்தான் நீங்கிற்று. அவர்களிடம் ஒரு வழக்கு இருந்தது; ஆகவே அவர்களை மதிக்கிறேன். செங்கம் ரோட்டில் நம்மை யார் அவமதித்தார்கள்?

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த நான் வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பும், கம்பெனி நிர்ணயித்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கின்றன. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடட்டும். அபராதத்துக்குப் பயந்து தாழ்த்தாமல் இருப்பவன், அபராதம் கட்ட வசதி வந்ததும் தாழ்த்துவான்.

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரை நினைத்துப் பார்க்கிறேன். மந்திரியிலிருந்து மாப்பிள்ளை வரை முக்கியமானவர்கள் எல்லோரும் அதில் பின்னால்தான் உட்கார்ந்தார்கள். பின் ஸீட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. இப்போது முக்கியமானவன் முன்னால் உட்கார்ந்துவிட்டான். பின்னால் இருப்பவர்கள் மூட்டைகள் ஆகிவிட்டார்கள். மூட்டைக்கு வில் எதற்கு என்ற பழைய நியாயம் புது வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது.

பட்டறைக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் பில் போட்டுக் கொடுக்கிறீர்கள் அல்லவா? அதில் ஸ்பிரிங்கின் விலைக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தபின், ரப்பர்க் கட்டையில் முட்டுவதற்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று ஒரு வரி. காரின் பின் ஸீட்டில் வழக்கமாக உட்காருகிறவர்களின் வயது என்ன என்று இன்னொரு வரி. கையெழுத்தைக் கார்க்காரரிடம் வாங்க வேண்டாம். இரண்டாவது வரியில் கண்டவர்களைப் பட்டறைக்கு அழைத்துவரச் சொல்லி, ஒரு வேகத்தடையைத் தாண்டிக் காட்டிவிட்டு, அவர்களிடம் வாங்குங்கள்.