வீடும் நாமும்: ஒட்டுப் போடாமல் காற்றடித்த கதை



ஐப்பசி பிறந்தால் ஊரில் கூரையை அண்ணாந்து பார்ப்போம். கிடுகு மாற்ற வேண்டுமா, ஒழுக்கு உண்டா என்று மாரிக்கு முன்பே யோசிப்போம். இங்கு நோர்வேயில் அதே மாதத்தில் நாம் பார்க்க வேண்டியது சுவரில் தொங்கும் வெப்பப் பம்பியை. இந்நாட்டவர் 'வார்மெபும்பே' என்று சொல்வது இதைத்தான். அண்மையில் வீடு வாங்கிக் குடியேறிய எமது குடும்பங்கள் பலவற்றுக்கு இது வீட்டோடு சேர்ந்தே வந்திருக்கும். எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலையைத்தான் இம்முறை எழுதுகிறோம்.

முதலில் பம்பியின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெளியே எவ்வளவு குளிர் என்றாலும் அந்தக் காற்றிலும் கொஞ்சம் வெப்பம் இருக்கிறது. செப்புக் குழாய்க்குள் ஓடும் ஒரு வாயு வெளியலகில் ஆவியாகி அந்த வெப்பத்தை உறிஞ்சுகிறது. பிறகு பம்பி அதை அமுக்க, உள்ளலகில் திரவமாக மாறி, கொண்டுவந்த வெப்பத்தை வீட்டுக்குள் விடுகிறது. நல்ல நிலையிலுள்ள பம்பி, கடுங்குளிர் இல்லாத நாளில், 1 அலகு மின்சாரத்துக்கு 3 அலகு வரை வெப்பம் தரும். அந்த வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே தவிர, காரில் பெற்றோல் எரிவதுபோல் தீர்ந்து போவதில்லை.

இது தெரியாததால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

2018 இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டில் புதிய பம்பி ஒன்று பூட்டினோம். 2021 தை மாதம் வீடு சூடேறவில்லை. வேலையிடத்து நண்பர் ஒருவர் மூலம் ஒரு திருத்துநர் வந்தார். தமிழில் கதைத்தார் என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அமுக்கமானியைப் பூட்டி, ஊசியைக் காட்டி, "அண்ணை, காஸ் குறைஞ்சு போச்சு. இது வருசா வருசம் குறையிறதுதான்" என்றார். நிரப்பினார். 3,500 குறோணர் கையில் கொடுத்தோம். பற்றுச்சீட்டு கேட்கக் கூச்சமாக இருந்தது. வீடு சூடேறியது. அடுத்த மாரியிலும் அதே குறை, அதே நிரப்பல், அதே பணம். 2023 தையில் மூன்றாம் முறை. அடுத்த மாதமே வீடு மீண்டும் குளிர்ந்தது.

அப்போதுதான் வேறொரு நிறுவனத்தை அழைத்தோம். வயதான நோர்வேஜியர் ஒருவர் வந்தார். வாயு நிரப்பச் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நிரப்பிய வாயு எங்கே போனது?"

எங்களிடம் பதில் இல்லை.

எஞ்சியிருந்த வாயுவை ஒரு சிலிண்டருக்குள் இழுத்துத் தராசில் வைத்தார். 600 கிராம். பம்பியின் தகட்டில் எழுதியிருந்தது 1.05 கிலோ. பிறகு குழாய்க்குள் நைதரசனை ஏற்றி, இணைப்புகளில் சவர்க்கார நுரையைப் பூசினார். உள்ளலகின் பின்புறம் ஒரு நட்டடியில் குமிழி குமிழியாக வந்தது. ஊரில் சைக்கிள் கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்ப்பாரே, அதே வித்தைதான். ஓட்டை விழுந்த ரியூப்புக்கு ஒட்டுப் போடாமல் காலையில் காலையில் காற்றடிக்கிறவரை நாம் திருத்துநர் என்று சொல்வோமா? மூன்று மாரி அதற்குத்தான் நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம்.

அவர் குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டினார். வெற்றிடப் பம்பியால் காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். 1.05 கிலோ வாயுவை நிறுத்து ஏற்றினார். எடுத்த அளவு, ஏற்றிய அளவு, ஒழுகிய இடம் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தந்தார். அதன் பின் அந்தப் பம்பிக்கு வாயு நிரப்பவே இல்லை.

கவலை வேறொன்று. பூட்டிய நாளிலேயே அந்த இணைப்பு சரியாக அமையவில்லை என்றார் அவர். நீண்டகாலம் உழைக்க வேண்டிய பொருளுக்கு நோர்வேச் சட்டப்படி 5 ஆண்டுகள் முறையிடும் உரிமை உண்டு. ஆனால் குறையைக் கண்டதும் நியாயமான காலத்துக்குள் விற்றவரிடம் சொல்ல வேண்டும். 2 மாதத்துக்குள் சொன்னால் பிந்திவிட்டது என்று தட்டிக்கழிக்க முடியாது. நாங்களோ 2021 இல் கண்ட குறையை 2023 இல் சொன்னோம். இடையில் யார் யாரோ கைவைத்ததற்குக் கடதாசியும் இல்லை. விற்றவர் கையை விரித்துவிட்டார். செலவு எங்கள் தலையில் விழுந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

முதலில் தூசு வடியைக் கழற்றிக் கழுவுங்கள். வெளியலகை மூடிய பனியை அகற்றுங்கள். பல வீடுகளில் குறை இதோடு தீர்ந்துவிடும். வெளியலகில் மெல்லிய உறைபனி படிவதும், இடையிடையே அது உருகி ஆவி எழும்புவதும் வழமை. வடி சுத்தமாக இருந்தும் வெப்பம் குறைந்தால், உறைபனி ஒரு பக்கத்தில் மட்டும் தடித்தால், இணைப்பில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் ஒழுக்கைச் சந்தேகிக்கலாம்.

குறை கண்டால் முதலில் பம்பியை விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது சாட்சிக்கு வராது.

வேறொருவரை அழைப்பதானால் 'எஃப்-காஸ்' சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்-32, ஆர்-410ஏ போன்ற வாயுக்களைக் கையாள இது சட்டப்படி வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல திருத்துநர் சந்தோசமாகக் காட்டுவார்.

அமுக்கமானியின் ஊசியை மட்டும் நம்பாதீர்கள். வெளியே குளிர் கூடினால் அமுக்கம் தானாகவே குறையும். உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று தராசுதான் சொல்லும். குறை இல்லாத பம்பிக்கு ஆண்டுதோறும் மானி பூட்டத் தேவையுமில்லை. பூட்டிக் கழற்றும்போது கொஞ்சம் வாயு வெளியேறும்.

விலை மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். தொழிலாளி கொடுத்த மதிப்பீட்டை இறுதிக் கணக்கு 15 வீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள சட்டம்.

நீங்களாகக் குழாயைத் திறக்க வேண்டாம். ஆர்-32 தீப்பற்றக் கூடியது. சில பம்பிகளில் உள்ள ஆர்-290 புறொப்பேன் வாயுவேதான். காற்றில் விடுவதும் குற்றம். 1 கிலோ ஆர்-410ஏ வெளியேறினால் 2 தொன் கரியமில வாயு சூழலைச் சூடாக்கும் அளவுக்குச் சூடாக்கும்.

புதிய நாட்டில் எம்மொழி பேசுகிறவரை நம்புவது இயல்பு. அவரையும் நாங்கள் பகைக்கவில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் நம்பிக்கை வேறு, கடதாசி வேறு. அடுத்த முறை யாராவது உங்கள் வீட்டில் "காஸ் குறைந்துவிட்டது" என்றால், தேநீர் கொடுங்கள், அன்பாகக் கதையுங்கள். அதோடு அந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்: எங்கே போனது?

அடுத்த இதழில் சந்திப்போம்.