பேசாக் குழந்தையும் பேசும் சமூகமும்

அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தையைச் செவிடென்றும், கேட்டதையே திருப்பிச் சொல்லும் குழந்தையைத் துடுக்கென்றும் தூற்றுவோர் நம்மிடையே பலர். இது அறியாமையேயன்றி வேறல்ல.

1943-ம் வருஷத்தில் அமெரிக்க நாட்டு பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை 'ஆட்டிஸம்' என்று வர்ணித்தார். இத்தகைய குழந்தைகளிற் சிலர், "பால் வேண்டுமா?" என்று தாய் கேட்ட வாக்கியத்தையே, தமக்குப் பால் வேண்டும் என்பதற்கு உபயோகிப்பர். முகக் குறிப்பும் கேலியின் உட்பொருளும் பலருக்கு எளிதில் விளங்குவதில்லை. கண்ணோடு கண் நோக்காமை அலக்ஷியமன்று. அவ்வாறு நோக்குவது பலருக்குச் சகிக்கவொண்ணாத சிரமம்.

இவர்களுக்கு அன்பில்லை யென்பது அபாண்டம். அதனினும் கொடிது, தாயின் அன்புக் குறைவே காரணமென்று சென்ற நூற்றாண்டின் மத்தியில் சில நிபுணர் சுமத்திய பழி. 1977-ல் வெளியான இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி, பிறவிக் கூறே முக்கிய காரணமெனக் காட்டிற்று. மேலும், தாமே ஆட்டிஸமுடைய அறிஞர் டேமியன் மில்டன் 2012-ல் கூறியபடி, விளங்காமை இரு தரப்பிலும் உண்டு. அவர்கள் நம்மை அறியாதது போலவே நாமும் அவர்களை அறிகிலோம். அங்ஙனமாயின், முயற்சி முழுவதையும் குழந்தையின் தலையில் சுமத்துவது எந்த நியாயம்?

2016-ம் வருஷத்து இந்தியச் சட்டம் ஆட்டிஸத்தையும் ஏற்று, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும், மாற்றுத் தொடர்பு முறைகளை வளர்க்கவும் விதித்திருக்கிறது. ஏட்டுச் சட்டம் பள்ளிக்கூடத்தை எட்டவேண்டும். வாய்பேசாக் குழந்தைக்குப் படமும் எழுத்தும் பாஷையாகலாம். அதைக் கற்பது நம் கடமை. சலுகையன்று, அவர்கள் உரிமை.