பந்தயச் சாலைக்குப் பூட்டு: சாவி யாரிடம்?

கணினி விளையாட்டு என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே பலர் உண்டு. நேரத்தை விழுங்கும் பொழுதுபோக்கு என்பது பெற்றோரின் குற்றச்சாட்டு. தேர்வு நெருங்கும் வேளையில் அது நியாயமான குற்றச்சாட்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், கழக இதழில் பேசத் தக்க ஒரு கேள்வி இவ்விளையாட்டுகளுக்குள் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை யாருடையது? வாங்கியவருடையதா, விற்றவருடையதா? பழைய கார்ப் பந்தய விளையாட்டுகளில் பலர் சேர்ந்து ஆட முயலும்போது எழும் இணைப்புச் சிக்கல்கள் இக்கேள்விக்குத் தக்க எடுத்துக்காட்டு.

நான் காஜாங்கில் வளர்ந்தவன். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளி, அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி. என் தலைமுறையினர் பலருக்கு இவ்விளையாட்டுகள் அண்ணன்மாரின் கணினி வழியே அறிமுகமாயின. 2004-இல் வெளிவந்த 'நீட் ஃபார் ஸ்பீடு: அண்டர்கிரவுண்ட் 2', 2005-இல் வந்த 'மோஸ்ட் வாண்டட்' ஆகியவை எங்கள் கைக்கு வந்தபோதே பழையவைதாம். ஆறாம் ஆண்டு முடிந்து வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்த நண்பர்கள் நால்வர், விடுமுறையில் ஒரே வீட்டில் கூடி இவற்றை ஆடினோம். இன்று ஒருவன் ஸ்கூடாயில், ஒருவன் பினாங்கில், இன்னொருவன் கோத்தா கினாபாலுவில் படிக்கிறான். வாரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து கார் ஓட்டலாம் என்றால் முடிவதில்லை. ஏன் முடியவில்லை என்று தேடிப் பார்த்ததில் தெரிந்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, மொழிச் சிக்கல். 1990களில் வந்த பல விளையாட்டுகள் 'ஐ.பி.எக்ஸ்.' என்னும் நெறிமுறை வழியாகவே ஒன்றோடொன்று பேசின. மைக்ரோசாப்ட் 2007-இல் விற்பனைக்கு விட்ட விண்டோஸ் விஸ்டாவில் அந்த நெறிமுறை நீக்கப்பட்டது. அதே குறுந்தட்டுதான், ஒருவர் தனியாக ஆடவும் முடியும். ஆனால், இரு கணினிகள் பேசிக்கொள்ளும் மொழி மட்டும் காணாமற்போனது. நல்ல வேளையாக, ஆர்வலர்கள் 'ஐ.பி.எக்ஸ். ராப்பர்' என்ற இலவச மென்பொருளை எழுதினர். பழைய மொழியில் பேசுவதை இன்றைய இணையத்திற்குப் புரியும்படி மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் அது எனலாம்.

இரண்டாவது, குரல் எட்டாத சிக்கல். 'லேன்' முறையில் ஒருவர் போட்டியைத் தொடங்கியதும், அவருடைய கணினி வகுப்பறையில் எழுந்து நின்று "யார் ஆட வருகிறீர்கள்?" என்று கூவுவதைப்போல் அறிவிக்கும். அக்குரல் ஒரே ரவுட்டரில் இணைந்துள்ள கணினிகளுக்கே கேட்கும். ரவுட்டரைத் தாண்டி வெளியே போகாது. விடுதிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாதுகாப்புக் கருதி, ஒரு மாணவரின் மடிக்கணினியை இன்னொருவரின் மடிக்கணினி காணாதவாறு வை-ஃபை பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்து அறை நண்பனின் கார்கூடத் திரைக்கு வராது. ஒரு சிறிய சுவிட்சும் இரண்டு கேபிளும் இருந்தால் அச்சிக்கல் தீர்ந்துவிடும்.

வெவ்வேறு ஊர்களில் இருப்போர் 'ஹமாச்சி' போன்ற மென்பொருளால் இணையத்தின் வழியே ஒரு மெய்நிகர் லேன் அமைத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் நண்பனைக் காணவில்லை என்றால் விளையாட்டைக் குறை சொல்லுமுன் ஒன்றைச் சோதியுங்கள். மடிக்கணினியில் வை-ஃபை, கேபிள், ஹமாச்சி என மூன்று பாதைகள் இருக்கும்போது, பழைய விளையாட்டு பெரும்பாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். எதைப் பிடித்தது என்றும் சொல்லாது. விண்டோஸ் அமைப்பில் ஹமாச்சிக்கு முன்னுரிமை கொடுத்தாலே பல நேரங்களில் கதவு திறந்துவிடும்.

மூன்றாவது சிக்கல் நம் வீட்டு இணைய இணைப்பிலேயே இருக்கிறது. ஐ.பி.வி.4 எனப்படும் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுக்கத் தொடங்கின. அடுக்குமாடி முழுமைக்கும் ஒரே அஞ்சல் பெட்டி வைப்பதைப் போன்றது இது. நாம் வெளியே கடிதம் அனுப்பலாம், பதிலும் வரும். ஆனால், வெளியிலிருந்து ஒருவர் முதன்முதலாக நம்மைத் தேடி வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியாது. போட்டியை நடத்துபவரின் கணினிக்கு மற்றவர்கள் நேராக வந்து சேரும் முறையில் எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் இங்கேதான் முட்டி நிற்கின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. 2000களில் 'ஸ்திரீமிக்ஸ்' வைத்திருந்த வீடுகளுக்கு 512 கேபிபிஎஸ், 1 எம்பிபிஎஸ் என்ற வேகம்தான். ஆனால், இணைந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்கென்று ஒரு பொது முகவரி இருந்தது. மோடத்தில் உரிய போர்ட்டைத் திறந்துவிட்டால் நண்பர்கள் வந்து சேரலாம். இன்று எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. நண்பனின் கார் மட்டும் வருவதில்லை. சேவை நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன். வேகச் சோதனை செய்து பார்க்கச் சொன்னார்கள், செய்தேன். "முந்நூறு வருகிறதே, அப்புறம் என்ன சிக்கல்?" என்றார் மறுமுனையில் பேசியவர். வேகம் என்பது சாலையின் அகலம். நம் வீட்டைத் தேடி வருபவர் வந்து சேர முடியுமா என்பது வேறு கேள்வி. விளம்பரங்கள் முதலாவதைப் பற்றியே பேசுவதால், இரண்டாவதைக் கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றுவதில்லை.

நேரடி இணைப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். சதுரங்கத்தில் ஒரு வினாடி தாமதம் பொருட்டல்ல. கார்ப் பந்தயத்தில் அப்படியில்லை. மணிக்கு 180 கிலோமீட்டரில் ஓடும் கார் ஒரு வினாடியில் 50 மீட்டர் கடக்கிறது. தகவல் 0.2 வினாடி தாமதமாக வந்தால், எதிராளியின் கார் இருந்த இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் 10 மீட்டர் வேறுபாடு. அந்த இடைவெளியை விளையாட்டு ஊகித்து நிரப்புகிறது. நேர்ச்சாலையில் ஊகம் பலிக்கும், வளைவில் தவறும். கார் சுவருக்குள் புகுந்து வேறோரிடத்தில் முளைப்பது இதனால்தான். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். இங்கிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அமெரிக்க மேற்குக் கரைக்குப் போய்வர, வேறெந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 0.14 வினாடி ஆகும். காஜாங்கிலிருந்து ஸ்கூடாய்க்குச் சுமார் 300 கிலோமீட்டர், போய்வர 0.003 வினாடி போதும். நண்பர்கள் இருவரும் மலேசியாவில் இருக்க, அவர்களின் கார்கள் கடல் கடந்து போய் வர வேண்டிய தேவை என்ன?

நான்காவது சிக்கலே மிகப் பெரியது. அது நம் கையில் இல்லாத சேவையகம். 2000களில் எண்ணற்ற விளையாட்டுகளுக்கு எதிராளிகளைத் தேடித் தந்த 'கேம்ஸ்பை' சேவை 2014 மே 31-இல் நிறுத்தப்பட்டது. 'நீட் ஃபார் ஸ்பீடு' வரிசையில் கார்பன், அண்டர்கவர், ஷிஃப்ட், ஷிஃப்ட் 2, தி ரன் ஆகிய ஐந்தின் சேவையகங்களை ஈ.ஏ. நிறுவனம் 2021 ஆகஸ்டு 31-இல் மூடியது. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' தனியாக ஆடுவதற்கும் சேவையகத்தை நாடும் விளையாட்டு. 2024 மார்ச் 31-இல் அச்சேவையகம் நின்றதும், கடையில் காசு கொடுத்து வாங்கிய குறுந்தட்டும் வெறும் தட்டாகிவிட்டது.

இதனை 1999-இல் வெளிவந்த 'ரீ-வோல்ட்' என்னும் பொம்மைக் கார்ப் பந்தயத்துடன் ஒப்பிடுங்கள். அதை வெளியிட்ட அக்ளெய்ம் நிறுவனம் 2004-இல் நொடித்துப்போனது. ஆனால், அதன் ஆர்வலர்கள் உருவாக்கிய 'ஆர்.வி.ஜி.எல்.' என்ற இலவசப் பதிப்பின் வழி இன்றும் பலர் சேர்ந்து ஆடுகிறார்கள். நிறுவனம் மறைந்தும் விளையாட்டு பிழைத்திருக்கிறது. மறுபக்கம் நிறுவனம் செழித்திருந்தும் விளையாட்டு மாண்டிருக்கிறது. ஆகவே வயது மட்டுமே ஒரு விளையாட்டைக் கொல்வதில்லை. ஒரு கணினி இன்னொன்றை நேராகச் சென்றடையும் வழி விளையாட்டுக்குள் இருந்தால், மேலே கூறிய முதல் மூன்று சிக்கல்களையும் ஆர்வமுள்ளவர்கள் எப்படியாவது தீர்த்துவிடுகிறார்கள். அவ்வழி இல்லாதபோது, எத்தனை திறமைசாலிக்கும் பல்லாண்டு உழைப்பு தேவைப்படுகிறது.

நிறுவனங்கள் கூறும் காரணங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆளில்லாத சேவையகத்தை என்றென்றும் நடத்தினால் செலவு யார் தருவது? கார் நிறுவனங்களோடும் இசை நிறுவனங்களோடும் செய்த ஒப்பந்தங்கள் காலாவதியாகும். பழைய மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகளும் இருக்கும். இவை அனைத்தும் உண்மையே. ஆனால், என்றென்றும் நடத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடையை மூடும் நாளில், லேன் வசதியையோ நேரடியாக முகவரி கொடுத்து இணையும் வசதியையோ விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. ஒப்பந்தம் முடிந்தால் புதிய விற்பனையை நிறுத்தலாம். முன்பே விற்றதை முடக்குவானேன்? இது நடக்காத காரியமும் அன்று. 'டர்ட் 3' விளையாட்டு சார்ந்திருந்த மைக்ரோசாப்ட் இணையச் சேவையை நீக்கி, கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2015-இல் புதிய பதிப்பை வெளியிட்டது. 'தி க்ரூ' விவகாரத்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பின், அதன் இரண்டாம் பாகத்தை இணையமின்றி ஆட வழி செய்வதாக யூபிசாஃப்டும் 2024-இல் அறிவித்தது. எனவே கேட்டால் கிடைக்கிறது.

உலகம் கேட்கத் தொடங்கியும்விட்டது. இப்படி விளையாட்டுகளை முடக்குவதைத் தடுக்கக் கோரும் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்னும் கலிபோர்னியச் சட்டம் 2025 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. நம் நாட்டிலும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. 2007-இல் செய்யப்பட்ட திருத்தம் மின்வணிகத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் விசாரிக்கலாம். விளையாட்டின் சேவை எந்த நாள் வரை உறுதி, அதற்குப் பிறகு என்னவாகும் என்பதை விற்கும்போதே அறிவிக்க வேண்டும் என்று இச்சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. சட்டத்துறையில் பயிலும் கழக உறுப்பினர்கள் இதை எழுத்தில் வடித்துப் பயனீட்டாளர் சங்கங்களிடம் கொண்டு செல்லலாம். இணையச் சேவை நிறுவனங்களும் பொது முகவரி தருவார்களா, மாட்டார்களா என்பதை விளம்பரத்திலேயே தெரிவிக்கட்டும்.

இது வெறும் விளையாட்டுக் கவலை அன்று. இன்று பந்தயக் காருக்கு நேர்ந்தது நாளை நாம் வாங்கும் மின்னூலுக்கும் பாடத்திற்கான மென்பொருளுக்கும் நேரலாம். நினைவுகளும் இதில் அடங்கும். செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை நடந்த ஃபார்முலா 1 பந்தயம் இன்று நம் மண்ணில் இல்லை. 2003-இல் வந்த 'எஃப்1 சேலஞ்ச்' போன்ற பழைய விளையாட்டுகளில் அந்தக் கார்கள் இன்னும் செப்பாங்கைச் சுற்றி வருகின்றன. அதுவும் பூட்டப்பட்டால் நட்டம் நமக்குத்தான்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் தூசு படிந்த குறுந்தட்டுகள் இருந்தால் வீசிவிடாதீர்கள். ஸ்திரீமிக்ஸ் காலத்தில் மோடத்தோடு மல்லுக்கட்டிய அனுபவமும் உங்களிடம் இருக்கும். அதை எங்களுக்கு எழுதுங்கள். இவ்விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் பயிலும் ஒரு தம்பி படித்துப் புரிந்துகொள்ளும்படி, இந்நான்கு சிக்கல்களையும் தீர்வுகளையும் கழகம் ஒரு சிறு கையேடாகத் தமிழில் வெளியிட வேண்டும். வரும் தமிழ் விழாவில் எட்டுக் கணினி, ஒரு சுவிட்ச், ஒன்பது கேபிள் கொண்டு ஒரு பந்தய மேசையும் போடலாம். ஒன்பதாவது எதற்கு என்று கேட்காதீர்கள். கேபிளை அடிக்கடி மாற்றிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.