தூக்கி எறியாதீங்க!

பிள்ளைகளின் இங்க் பேனாவில் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குகிறோம். நிரப்பினால் சிந்தும், வெள்ளைச் சட்டை பாழாகும் என்ற பயம்தான் காரணம். பயமே வேண்டாம், சகோதரிகளே! காலி கார்ட்ரிட்ஜைப் பச்சைத் தண்ணீரில் அலசி, துணி கிளிப்பில் கவ்வி, பழைய பேப்பர் மேல் நிமிர்த்தி வையுங்கள். புது சிரிஞ்சின் ஊசி முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கி, பாட்டில் இங்க்கை உறிஞ்சி, ஊசியை அடிவரை விட்டு மெதுவா அழுத்துங்க. காற்று பக்கவாட்டில் வெளியேறிடும். கழுத்துவரை ரொப்பாமல் நிறுத்தினால் ஒரு சொட்டு சிந்தாது. ஊசி மட்டும் பெரியவங்க கையில்தான் இருக்கணும். வாய் தளர்ந்து கசியும்வரை இப்படியே ஓட்டலாம்.

சின்ன பிளாஸ்டிக்தானே என்கிறீர்களா? ராயபுரம், தண்டையார்பேட்டைக் குப்பையெல்லாம் கொடுங்கையூரில்தானே போய்ச் சேருது? அது தீப்பிடித்தால் புகையைச் சுவாசிப்பதும் நம்மைப் போன்ற தாய்மார்களின் பிள்ளைகள்தான்!

- ஒரு வாசகி, ராயபுரம்.