கற்றுத்தராத ஆண்டுகள்

கராத்தே டோஜோச் சுவர்களில் நாம் மாட்டிவைக்கும் குரு பரம்பரைப் படத்தில் ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே இருப்பது ஒரு கோடு மட்டுமே. உவெச்சி ரியூ படத்தில், கான்புன் பெயருக்குக் கீழே இறங்கும் கோட்டில் பதினான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மறுப்பு ஒளிந்திருக்கிறது.

உவெச்சி கான்புன் 1877இல் ஒகினாவாவின் மொத்தோபு பகுதியில் பிறந்தவர். 1897இல் தென்சீனத்தின் ஃபூஜோ நகருக்குக் கப்பலேறினார். கட்டாய ராணுவச் சேவைக்குத் தப்பித்தான் போனார் என்பார்கள். அங்கே ஆசான் ஷு ஷிவாவிடம் சுமார் பத்தாண்டு பயின்று அவர் கொண்டுவந்தவை மூன்றே கட்டா (வரிசைப்படுத்திய அசைவுப் பயிற்சிகள்): சான்சின், செய்சான், சான்செய்ரியூ. இன்னொரு கராத்தே வழியான கோஜு ரியூவினர் மூடிய முஷ்டியோடு செய்யும் சான்சினை உவெச்சி வழியினர் விரித்த கையோடு செய்வார்கள். விரல்நுனிக் குத்து, ஒற்றை விரல்முட்டிக் குத்து, கால்விரல் நுனி உதை எல்லாமே நெடுங்காலம் உடலை இறுக்கினால்தான் கைகூடும். பெல்ட்டுக்கு ஒரு கட்டா என்று கணக்கு வைத்திருக்கும் மாஸ்டர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கட்டும்.

சீனாவில் அவர் பள்ளியும் நடத்தினார். அங்கே பயின்ற மாணவர் ஒருவர் ஏதோ தகராறில் ஒருவரைக் கொன்றுவிட, மனம் வெறுத்து ஊர் திரும்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். 1910இல் வந்தவர் விவசாயத்தில் இறங்கினார். யார் கேட்டும் கற்றுத்தரவில்லை. 1924இல் பிழைப்புக்காக வகாயமா போய் நூற்பாலையில் சேர்ந்தபோதும் அப்படியே இருந்தார்.

அவரைப் பேசவைத்தவர் அங்கிருந்த சக ஒகினாவாக்காரர் தொமோயோசே ரியூயூ. இப்படிப் பிடித்தால் என்ன செய்வது, இப்படி அடிக்க வந்தால் எப்படி ஒதுங்குவது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நச்சரிப்புதான். ஆனால் நுழைவுக் கட்டணத்தைவிட மதிப்புள்ள நச்சரிப்பு. முதலில் மூடிய கதவுக்குள் சிலருக்கு, 1932 வாக்கில் வெளியாருக்கும் என்று பாடம் விரிந்தது. பாங்காய்நூன் என்று இருந்த கலையின் பெயர் 1940இல் உவெச்சி ரியூ ஆனது. கான்புன் 1948இல் இயெ தீவில் மறைந்தார்.

மகன் கனெய் காலத்தில் மூன்று கட்டா எட்டாயின. புதியவற்றில் ஒன்றான கான்ஷிவா, கான்புன் பெயரையும் ஷு ஷிவா பெயரையும் சேர்த்துச் சூட்டியது. கலப்படம் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை: சான்சினுக்கும் செய்சானுக்கும் நடுவே தடுமாறும் மாணவனுக்கு இடைப்படி வேண்டும். அந்த இடைப்படிகளையே கிரேடிங் வசூலுக்கான படிக்கட்டாக்கி, சான்சினை ஐந்து நிமிட வார்ம்-அப்பாகச் சுருக்கும் டோஜோக்களோடுதான் எனக்கு வழக்கு. அவர்கள் சுவரிலும் கான்புன் படம் தொங்குகிறது.