எதிரியின் பெயரைத் தேடினால்தான் நம் வழக்கு வருகிறது

கம்பத்துக்குப் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து ஓர் அக்கா எங்களிடம் வந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. கையில் பிளாஸ்டிக் பைக்குள் நான்காக மடித்த முதல் தகவல் அறிக்கை நகல். மகனைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்த வழக்கு. மகன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். சாட்சி சொல்ல இருவரும் ஒருமுறை கோர்ட்டுக்குப் போய்வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. "அடுத்த வாய்தா என்னைக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க தம்பி. அன்னைக்கு வேலைக்கு வரலைன்னு தோட்டத்துல முன்னாடியே சொல்லணும்" என்றார்.

போனில் பார்த்தோம். அடுத்த வாய்தா என்று ஒன்று இல்லை. வழக்கு முடிந்து 58 நாள் ஆகியிருந்தது. எதிரிகள் எல்லோரும் விடுதலை.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஊருக்குள் வெடி போட்டது நினைவுக்கு வந்தது. ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டாராம். "அப்ப தீர்ப்பு சொல்றப்ப நாங்க அங்க இருக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15-ஏ பிரிவு பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான உரிமைகளைப் பேசுகிறது. ஜாமீன் விசாரணை உட்பட எந்த நீதிமன்ற நடவடிக்கையானாலும் சரியான தகவலை உரிய நேரத்தில் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதைத் தெரிவிக்க வேண்டியது சிறப்பு அரசு வழக்கறிஞரின் அல்லது மாநில அரசின் கடமை. இது சம்பிரதாயம் அல்ல, கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. அக்காவுக்குத் தகவல் சொன்னது வெடிச்சத்தம்.

இதைச் சொன்னால் அதிகாரிகளிடமிருந்து வரும் பதில் நமக்குப் பழக்கமானதுதான். "எல்லாம் ஆன்லைன்ல இருக்கே, பாத்துக்க வேண்டியதுதானே?" இருக்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை. எந்த வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, என்ன உத்தரவு என்பதை இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். முன்பெல்லாம் இதே தகவலுக்குக் கம்பத்தில் பஸ் ஏறி, தேனியில் இறங்கி, மறுபடி பெரியகுளம் ரோட்டில் லட்சுமிபுரம் போய், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, குமாஸ்தா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. ஆனால் இந்த வசதி யாரை மனதில் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

அன்று நாங்கள் தேடிய கதையைச் சொல்கிறோம். முதலில் அக்காவின் பெயரைப் போட்டோம். ஒன்றும் வரவில்லை. மகன் பெயரைப் போட்டோம். வரவில்லை. வராது. ஏனென்றால் குற்ற வழக்கில் ஒரு பக்கம் அரசு. காவல் ஆய்வாளர் மூலமாக மாநில அரசு என்றுதான் பதிவாகிறது. இன்னொரு பக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். நீதிமன்றத் தமிழில் அவருக்கு 'எதிரி' என்று பெயர். அடி வாங்கியவர் இந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. சாட்சிப் பட்டியலில்தான் இருக்கிறார். தளத்தில் தேடக்கூடிய தரப்பினரின் பெயர்களில் அவர் பெயர் கிடையாது. வழக்கு அவருடையது என்று ஊருக்கே தெரியும். கணினிக்குத் தெரியாது.

ஆகவே எதிரியின் பெயரைப் போட்டோம். அதிலும் சிக்கல். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. முத்தையா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்குமா, பின்னால் இருக்குமா என்று தெரியாது. எந்த ஆண்டு என்று கேட்கிறது. எந்த நீதிமன்ற வளாகம் என்று கேட்கிறது. தேனியா, பெரியகுளமா, உத்தமபாளையமா, போடியா, ஆண்டிபட்டியா? சட்டத்தின் பெயரை வைத்துத் தேடலாம் என்றால் ஒரே சட்டம் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பட்டியலில் கிடக்கிறது. கடைசியில் கைகொடுத்தது அந்தக் கிழிந்த நகல்தான். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு மூன்றையும் போட்டதும் வழக்கு வந்து நின்றது.

எங்களுக்கே அரைமணி நேரம் ஆனது. நாங்கள் இதே வேலையாகத் திரிகிறவர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத, பட்டன் போன் வைத்திருக்கிற அக்காவிடம் "ஆன்லைன்ல பாத்துக்கங்க" என்று சொல்வது, வழியைக் காட்டாமல் கதவைச் சாத்துகிற வேலை. கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்று மாநில ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. தேடுகிற இடத்தில் மட்டும் தமிழ் ஏன் ஒண்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

தெரியாமல் போவதில் என்ன இழப்பு என்று சிலர் கேட்கலாம். கணக்கு எளிது. சட்டத்தின் 14-ஏ பிரிவின்படி சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள். அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நீதிபதியின் மனத்தை நம்பி நிற்க வேண்டும். 90-இல் 58 போனால் மீதி 32. அந்த 32 நாளுக்குள் தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டு, நகல் வாங்கி, வழக்கறிஞர் பிடித்து, மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அவர் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால்? வராமலே இருந்திருந்தால்? எத்தனை காலனிகளில் எத்தனை பேர் முடிந்துபோன வழக்குக்கு வாய்தா எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்?

இணையத்தில் பார்க்க முடியாதவை வேறு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. குற்றப்பத்திரிகையை அப்படிப் பொதுவில் ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. நீதிமன்ற ஆவண நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது, நீதிமன்ற விதிப்படி நகல் மனுப் போட வேண்டும் என்பது 2020 மார்ச் தீர்ப்பு. பழைய வழக்குகளோ தளத்தின் கண்ணிலேயே இல்லை. 1989-இல் போடி கலவரத்தில் எரிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். அந்தக் கலவர வழக்குகளின் கதி என்ன என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். நாங்கள் தேடியவரை ஒரு வரிகூட இணையத்தில் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் இன்னொரு வாதம் வந்திருக்கிறது. விடுதலையானவர்களின் பெயரை இணையத்திலிருந்து நீக்க வேண்டும் என்கிறார்கள். மறக்கப்படும் உரிமை என்று அதற்குப் பெயர். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படி நீக்கச் சொன்னது. அந்த உத்தரவை ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது. பொய் வழக்கில் சிக்கி விடுதலையானவரின் வலி எங்களுக்குப் புரியாமல் இல்லை. திருட்டுக் கேஸ் போடப்பட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் எங்கள் தெருவில்தான் அதிகம். அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை தருவதற்கு முன் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் வன்கொடுமை வழக்கில் நம் பெயர் ஏற்கனவே பதிவில் இல்லை. எதிரியின் பெயரையும் எடுத்துவிட்டால் அந்த வழக்கைக் கண்டுபிடிக்க என்ன மிஞ்சும்? சாட்சி பிறழ்ந்து, சமரசம் பேசி, மிரட்டி முடிக்கப்பட்ட வழக்குகளின் கடைசித் தடயமும் போய்விடும். மறைக்க வேண்டுமென்றால் முதலில் தீர்ப்புகளில் வரும் நம் பெண்களின், சாட்சிகளின் ஊரையும் அடையாளத்தையும் மறைக்கட்டும்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று 16 எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் தரப்படுகிறது. அதைப் போட்டால் பெயரும் வேண்டாம், ஆண்டும் வேண்டாம், வழக்கு நேரே வந்துவிடும். குற்றப்பத்திரிகை நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 15-ஏ பிரிவே சொல்கிறது. அந்த நகலோடு இந்த எண்ணையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். வழக்கறிஞர்களுக்கும் வழக்காடிகளுக்கும் குறுஞ்செய்தி போகிறது. பாதிக்கப்பட்டவரின் போனுக்கும் தமிழில் போகட்டும். இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். அதில் ஒரு குறுஞ்செய்திக்கு இடமில்லையா? மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் மாவட்டத்தின் எல்லா வன்கொடுமை வழக்குகளும் சி.என்.ஆர். எண்ணோடு, அடுத்த வாய்தாவோடு மேசைக்கு வரட்டும். முடிந்த வழக்கு எத்தனை, விடுதலை எத்தனை, அதில் எத்தனை பேருக்குத் தகவல் சொன்னீர்கள் என்று கணக்குக் காட்டட்டும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. தோழர்களே, ஊருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு, சி.என்.ஆர். எண், அடுத்த வாய்தா. ஐந்து கட்டம் போதும். பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அமைப்புகளின், சமூகப் பணியாளர்களின், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று அதே 15-ஏ பிரிவில் இருக்கிறது. யாராவது "நீ யாரு?" என்று கேட்டால் அதைக் காட்டுங்கள். பட்டியலினத்தவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை நகலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைக்காதீர்கள்.

அக்காவின் மேல்முறையீடு 83-ஆவது நாளில் மதுரையில் தாக்கலானது. அதில் மேல்முறையீட்டாளர் என்று அவர் மகனின் பெயர் இருக்கிறது. இனி அவன் பெயரைத் தேடினாலும் இந்த வழக்கு வரும்.